புது மாப்பிள்ளை கேட்ட மான்கறி

அத்தை கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை, முதல் சாப்பாட்டிலேயே கோழியை ஒதுக்கிவிட்டு மான்கறி கேட்டார். விருந்து முடியும்வரை மாப்பிள்ளை கேட்டதை இல்லை என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மானைச் சுட்டால் ஜெயில் என்பது சர்க்கார் வழக்கம். இரண்டுக்கும் நடுவில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாப்பிள்ளை முகம் கோணினால் புகுந்த வீட்டில் போய்ப் பேச்சு வாங்கப்போவது அத்தைதான். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில். எலுமிச்சைத் தோப்பு புளியங்குடிக்கு மேற்கே, மலையடியில். பன்றி விரட்ட அப்பா லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியைக் கட்டிலில் கிடத்தி, என்ன குண்டு போடுவது என்று அவரும் மாப்பிள்ளை மாமாவும் ஆலோசித்தார்கள். ஈயக் குண்டுக்கு அப்பாவிடம் இருந்தது சமையற்கட்டு அளவு: மிளகு, கடலை, சுண்டைக்காய். மாமாவோ செல்போனில் வெளிநாட்டுக்காரன் மான் சுடும் வீடியோவை ஓடவிட்டு எண்களாகச் சொன்னார்.

"மச்சான், மானுக்கு த்ரீ நாட் எய்ட் குண்டு வேணும். இது என்ன, நெல்லு குத்துத உலக்கை மாதிரி இருக்கு?"

"இருக்கதுலயே பெருசு சுண்டைக்காதான் மாப்ள. நீங்களே எடுத்துக் குடுங்க."

தாலிக்குப் பொன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து மாமா ஒன்றைக் கொடுத்தார். ராத்திரி பாயில் கிடந்து எண்ணிக்கொண்டே இருந்தேன். துப்பாக்கி வெடித்து அப்பா கை போய்விட்டால்? சத்தம் கேட்டு வனத்துறை ஜீப் வந்துவிட்டால்? மான் கிடைக்காத கோபத்தில் மாமா அத்தையை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டால்?

மறுநாள் விடியும்போது தோப்பு வேலியோரம் அத்தை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வந்தது மிளா, மலைக்காட்டுப் பெரிய மான். புத்தகத்துப் புள்ளிமானை எதிர்பார்த்திருந்த எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மாட்டு உயரம். நனைந்த மரப்பட்டை நிறம். தலையில் இலை உதிர்ந்த இரண்டு கிளைகள். கொழுந்தை மென்றபடி எங்களைப் பார்த்தது. காது மட்டும் மெதுவாகத் திரும்பியது. இத்தனை பெரிய உயிர் இத்தனை சத்தமில்லாமல் நிற்க முடியுமா! கும்பிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

அப்பா குறி பார்த்தார். ஓடுகிற பன்றியை அடிப்பவர் என்று ராயகிரி வரை அவருக்குப் பேர். மிளாவோ கல்லை எறிந்தாலே படும் தூரத்தில் அசையாமல் நின்றது. வெடித்தது. ஒரே தாவல், வேலிக்கு அந்தப் பக்கம் அது தரையைத் தொட்டதா என்றே தெரியவில்லை. புகை விலகியபோது உயரத்தில் ஒரு வேப்பங்கிளை முறிந்து தொங்கியது.

"என்ன மச்சான், மரத்தைச் சுட்டுட்டீரு! வேப்பிலைக் கறியா போடப் போறீரு?" மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தையும் சிரித்தாள்.

"கை நடுங்கிட்டு மாப்ள. வயசாகுதுல்லா."

அதன்பின் எந்த விசேஷத்திலும் மாமா இந்தக் கதையைச் சொல்லாமல் இலையில் உட்கார மாட்டார். முதலில் சிரிப்பது அப்பாதான். எனக்கு ஆத்திரமாக வரும். அப்பாவுக்குக் கண் கெட்டுவிட்டது என்று பயந்து, அம்மாவை அரித்தெடுத்து, கோமதி அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்க வைத்தேன். அப்பாவும் கூட வந்து, என்னைத் தூக்கி, உண்டியலில் என் கையாலேயே போடவைத்தார். அவ்வளவு கிட்டத்தில் நிற்பதைத் தவறவிட எவ்வளவு நல்ல கண் வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.