கருடனுக்கு ஊற்றிய பால்

பெட்டிக்குள்ளிருந்து வந்த சத்தத்தை முதலில் நான் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. காபிக்குப் பால் வைத்திருந்தேன். அடுப்புச் சத்தம் என்று நினைத்தேன். அடுப்பை அணைத்த பிறகும் கேட்டது. இளநீர் தீர்ந்த பிறகும் உறிஞ்சினால் குழாயில் ஒரு சத்தம் வருமே, அந்த மாதிரி. துணியை விலக்கிப் பார்த்தேன். பருந்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் வால் மேலும் கீழும் ஆடியது.

அடிபட்ட பறவையை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். திறந்த வாயும் ஆடும் வாலும் தெரிந்தால், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்காதீர்கள். எனக்கு அது தெரியாது. காபியைக் குடித்துவிட்டுத்தான் என் கணவரைக் கூப்பிட்டேன்.

முந்தின நாள் புரட்டாசி சனிக்கிழமை. மூலக்குளத்தில் எங்கள் வீடு. என் கணவர் கோவிந்தராஜ் தனியார் பேருந்தில் நடத்துநர். மற்ற மாதங்களில் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காது. புரட்டாசி பிறந்துவிட்டால் நெற்றியில் நாமம் ஏறிவிடும். வீட்டுக்குள் முட்டை நுழைய முடியாது. அன்று பெருமாளுக்குத் தளிகை போட்டு, சர்க்கரைப் பொங்கலை இறக்கி வைத்த நேரத்தில், மொட்டை மாடியில் தொப்பென்று ஏதோ விழுந்தது. பார்க்கப் போனவர் மேலேயிருந்து கத்தினார்.

"சுமதி, ஓடியா! கருடன் வந்துருக்காரு!"

வந்திருக்கவில்லை, விழுந்திருந்தது. வெள்ளைத் தலையும் செம்மண் நிற உடம்புமாக ஒரு செம்பருந்து. இடது சிறகில் பட்டத்தின் மாஞ்சா நூல் சுற்றி, தோலை அறுத்திருந்தது. தரையெல்லாம் ரத்தம். அவர் பதறவில்லை. தன் புது வேட்டியை அதன் மேல் போர்த்தி, நூலைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கி எடுத்து, அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு உள்ளே வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

"பசியோட இருக்காரு" என்றார்.

"அது கறி திங்கிற பறவைங்க."

"புரட்டாசி சனிக்கெழம, பெருமாளோட வாகனத்துக்குக் கறியா? வாயக் கழுவு."

எங்கள் மகளுக்கு, அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, பால் புகட்டிய பாலாடையைத் தேடி எடுத்தார். காய்ச்சி ஆறவைத்த பாலில் ஒரு துளசி இலை போட்டு, அதன் அலகைப் பிரித்து ஊற்றினார். பருந்து தலையை உதறியது. இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "குடிச்சிட்டாரு" என்றார். நானும் தளிகைக்கு வந்தவர்களுக்கு இலை போடப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை அந்தச் சத்தம் கேட்ட பிறகு விசாரித்ததில், சாரம் பகுதியில் பறவைகளுக்கும் வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். ஞாயிறாக இருந்தும் அந்தப் பெண் மருத்துவர் வந்தார். காதில் மாட்டிய குழாயைப் பருந்தின் முதுகில் வைத்துக் கேட்டார். இன்னொரு இடத்தில் வைத்துக் கேட்டார்.

"வாய் வழியா என்ன குடுத்தீங்க?"

"பால்தான் மேடம். பசும்பால்" என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். "பறவைக்குப் பால் செரிக்காது. அதுகூடப் பரவால்ல. மூச்சுக்குழாயோட வாய் அதுக்கு நாக்குக்குப் பின்னாடியே தொறந்து இருக்கு. நீங்க ஊத்துனதுல பாதி நெஞ்சுக்குள்ள போயிருக்கு."

ஆஸ்பிரேஷன் நிமோனியா (உணவோ நீரோ மூச்சுப்பாதைக்குள் போவதால் வரும் நுரையீரல் அழற்சி) என்று சொன்னார். அறுபட்டிருந்தது பட்டேஜியம் (தோளுக்கும் சிறகின் மணிக்கட்டுக்கும் நடுவே இழுத்துக் கட்டியது போலிருக்கும் மெல்லிய தோல்). அது இல்லாமல் பறவை மேலே எழும்ப முடியாது. சீக்கிரம் தைக்காவிட்டால் காய்ந்து சுருங்கிவிடும். தைக்க மயக்க மருந்து கொடுக்க வேண்டும். இந்த மூச்சோடு மயக்கம் கொடுத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும்.

"அப்ப என்ன செய்றது?" என்று கேட்டேன்.

"மூச்சு சரியாகக் காத்திருந்தா சிறகு போகலாம். சிறகுக்காக அவசரப்பட்டா உயிர் போகலாம். நாளைக்குக் காலையில முடிவு பண்றேன். வனத்துறைக்கு நான் சொல்லிடறேன். காட்டுப் பறவைய வீட்டுல வச்சிருக்கக் கூடாது."

 இவர் வெளியே நடைவழியில் வந்து உட்கார்ந்து, கைக்குட்டையால் நெற்றி நாமத்தை அழித்தார். எனக்கு அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. திட்டுவதற்கு வார்த்தைகளைக்கூட எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்த பிறகு ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனையில், நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி உள்ளிழுக்க வைக்கும் கருவி) வைத்த பெட்டிக்குள் பருந்து நின்றுகொண்டிருந்தது. வாய் பாதி மூடியிருந்தது. காயத்தில் ஈரத்துணி. மருத்துவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இன்னும் ஒரு நாள்" என்றார். அந்த ஒரு நாளில் தோல் எவ்வளவு காயும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடை குறையாமல் இருக்க அது ஏதாவது சாப்பிட்டாக வேண்டும், தோல் கொழுப்பு இல்லாத கோழிக்கறி, அன்றன்று வெட்டியதாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எங்கள் தெருமுனையில் காதர் பாயின் கோழிக்கடை. புரட்டாசியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னக்கா, வழி தவறி வந்துட்டீங்களா? அண்ணனுக்குத் தெரியுமா?"

விவரம் சொன்னேன். "வெள்ளத்தலையா?" என்றார். "அடடா, அது நம்ம வாடிக்கையாச்சே! தெனம் கடைக்கு மேல சுத்தும். கழிவ மேல விட்டெறிஞ்சா காத்துலயே புடிச்சிக்கும். ரெண்டு நாளா காணமேன்னு பாத்தேன்."

பெருமாளின் வாகனம் புரட்டாசி முழுக்க எங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்பதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே போனேன். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை தைத்தார்கள். மயக்க மருந்து கொடுத்த அறையின் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு கருவி பருந்தின் நெஞ்சுத் துடிப்புக்கு ஏற்ப 'டிக் டிக்' என்றது. நடுவில் அது நின்றது. இவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கும் அளவுக்குப் பிடித்தார். உள்ளே யாரோ வேகமாக நடந்தார்கள், மருத்துவர் குரல் உயர்ந்தது. பிறகு மறுபடி 'டிக்' என்றது. அதன் பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

வெளியே வந்த மருத்துவர், "உயிர் இருக்கு. தோல்ல ஓரம் கொஞ்சம் செத்துப்போச்சு, வெட்டி எடுத்துட்டுத்தான் தச்சேன். பறக்குமான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். பறக்காவிட்டால் ஆயுள் முழுக்கக் கூண்டு.

அடுத்த சனிக்கிழமை காலை இவர் குளித்து, மறுபடி நாமம் போட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கோயிலுக்கு என்று நினைத்தேன். மாடியிலிருந்து பார்த்தால் காதர் பாய் கடை வாசலில் நிற்கிறார். புரட்டாசி சனிக்கிழமை, பளிச்சென்ற நாமத்தோடு, கோழிக்கடையில். தெருவே திரும்பிப் பார்த்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் நின்று கேட்டார்.

"என்ன கோவிந்தராஜ், இன்னிக்குப் போயி?"

"கருடனுக்குத் தளிகை" என்றார் இவர், தூக்குவாளியை நீட்டியபடி. "தோல் இல்லாம குடு பாய்."

பிறகு பருந்தைக் காலாப்பட்டுக்கு அப்பால் உள்ள ஒரு பறவை மீட்பகத்துக்கு மாற்றினார்கள். இவர் பேருந்து அந்த வழிதான். தினமும் வாளியை வாசலில் கொடுத்துவிட்டு வருவார். உள்ளே விட மாட்டார்கள். மனித முகம் பழகினால் பறவைக்கு ஆபத்து. கூண்டைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். கொடி மரம் தெரிந்தாலே கும்பிடுகிற மனிதர், அந்தத் துணியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். ஐப்பசியில் கட்டு அவிழ்த்தார்கள். சிறகு முழுதாக விரியவில்லை. தினமும் மெல்ல நீட்டி மடக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். கார்த்திகை மழையில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. உங்களுக்கும் ஒரு கட்டத்தில் போகும். போனாலும் வாளியைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

மார்கழியில் கூப்பிட்டார்கள். கடற்கரையில் வனத்துறை ஊழியர் பெட்டியைத் திறந்தார். நான் முதலில் பார்த்தது அலகைத்தான். மூடியிருந்தது. மணலில் இரண்டு தாவல் தாவியது. எழும்பி, இறங்கி, கவிழ்த்து வைத்திருந்த படகின் மேல் உட்கார்ந்துவிட்டது.  இவர் உதடு மட்டும் அசைந்தது. 

காற்று வந்தது. இரண்டு சிறகும் விரிந்தன. சவுக்குத் தோப்புக்கு மேலே ஏறியது.

கும்பாபிஷேகத்தில் கருடன் சுற்றுமே, அப்படி எங்கள் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றும் என்று இவர் கைகூப்பிக் காத்திருந்தார். அது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் சரேலென்று இறங்கி, ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனது.

"ஐயோ, தூக்கிட்டுப் போறான் பாரு!" என்று ஒரு பெண் கத்தினாள்.

இவர் சிரித்தார். புரட்டாசிக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "நல்லாச் சாப்புடட்டும்" என்றார். கண்ணீர் கன்னத்தில் வழிய நின்றார், துடைக்கவில்லை.

இப்போதெல்லாம் யார் பேசினாலும் முதலில் அவர்கள் மூச்சுத்தான் என் காதில் விழுகிறது. மூச்சு என்பது சும்மா நடக்கிற காரியம் என்று இருந்தேன். இனி அப்படி இருக்க முடியாது. ஒரு விநாடி எவ்வளவு நீளம் என்பதும் அந்தச் சாத்திய கதவுக்கு வெளியேதான் தெரிந்தது.

காதர் பாய் கடைக்கு மேல் செம்பருந்துகள் இன்னும் சுற்றுகின்றன. எங்களுடையது எது என்று தெரியாது. முன்பெல்லாம் இவர் கண்டவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இப்போது கையை நெற்றிக்குக் குடையாக வைத்து, அண்ணாந்து, அது திரும்பும் வரை காத்திருந்து, இடது சிறகைப் பார்க்கிறார்.

"சரியாத்தான் இருக்கு" என்கிறார். அதன் பிறகுதான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். அதுவரை நானும் மூச்சை விடுவதில்லை.