அக்கா நீக்க மறுத்த இயல்

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் ஒரு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்று மருமகன், அதாவது அக்காவின் ஒரே மகன், பெங்களூரிலிருந்து பேசினான். "மாமா, நீங்களே எழுதுங்க. ஆனா அம்மயப் பெரிசா ஆக்கிராதீங்க. அவங்களுக்கு அது புடிக்காது" என்றான். அக்காவுக்குப் பிடிக்காதவை பல. அவற்றில் இதுவும் உண்டு என்பது எனக்கும் தெரியும். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத முயன்றிருக்கிறேன்.

கொற்கைக்குப் பக்கத்தில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சிற்றூரில் அக்கா பிறந்தார். அப்பா ஒரு வாழைத்தார் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தாம். அக்கா மூத்தவர், நான் வெகுநாள் கழித்துப் பிறந்தவன். அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்த கோடையில் அப்பா மாரடைப்பில் இறந்தார். கல்லூரியில் சேர்ந்து தமிழ் படிக்க வேண்டும் என்பது அதுவரை அக்காவின் எண்ணமாக இருந்தது. அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. வாடகைக்கு வீடு பார்த்து, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். என்னைப் படிக்க வைத்தார். நான் வேலைக்குப் போன பிறகுதான் திருமணத்துக்குச் சம்மதித்தார். பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அத்தான், அதிகம் பேசாதவர். அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார்.

பள்ளியில் அக்கா கண்டிப்பானவர் என்றே பெயர். அவரிடம் மூன்றாம் வகுப்பு படித்த பலர் இந்த மலரை வாங்கக்கூடும். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதை சொன்னால் கடைசியில் கேள்வி உண்டு. "இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" பதிலைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டிய பிறகே வீட்டுக்குப் போகலாம். நரி வந்தாலும் முயல் வந்தாலும் பிள்ளைகள் பேராசை கூடாது என்று எழுதிவிட்டுப் பையைத் தூக்குவார்கள். அக்கா அப்படித்தான் பல ஆண்டுகள் நடத்தினார். அதில் அவருக்குக் குறை தெரியவில்லை.

அஞ்சல் வழியில் இளங்கலை முடித்திருந்த அக்கா, தலை நரைத்த பிறகு முதுகலை படிக்கப் போனார். ஆசிரியர்களுக்காகச் சனிக்கிழமையும் ஞாயிறு பிற்பகலும் நடந்த தமிழ் வகுப்பு அது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வராமல், கோவில் வாசலிலிருந்தே பேருந்து ஏறுவார். விருப்பப் பாடமாகச் சிறார் இலக்கியத்தை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "புள்ளைக கதைதானே தம்பி. நான் பாக்காத கதையா? அந்த ஒரு பாடமாவது லேசா இருக்கட்டும்" என்றார்.

அது லேசாக இல்லை. முதல் கட்டுரையிலேயே மதிப்பெண் குறைந்தது. பாடம் எடுத்த பேராசிரியை அக்காவைவிட மிகவும் இளையவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஒரு குட்டிக் குரங்கைப் பற்றிய கதையைப் படித்து எழுதச் சொல்லியிருக்கிறார். அது மாணவர்க்குக் கீழ்ப்படிதலைப் போதிக்கிறது என்று அக்கா எழுதியிருந்தார்.

"டீச்சர், இதப் படிக்கும்போது நீங்க சிரிச்சீங்களா?" என்று அந்த அம்மையார் கேட்டாராம்.

"சிரிப்பு வந்துச்சி."

"அதக் கட்டுரைல காணோமே."

அக்கா அன்று கோபத்தோடுதான் வீடு திரும்பினார். "முப்பது பேரு முன்னால என்னய சிரிச்சியான்னு கேக்கா. நான் என்ன ஒண்ணாங்கிளாஸ் புள்ளயா?" என்று அத்தானிடம் பொரிந்தார். அத்தான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அந்தக் கொரங்கு என்னதான் செஞ்சுது?" என்று கேட்டார். அக்கா கதையைச் சொன்னார். அத்தான் சிரித்தார். அக்கா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். அடுத்த வாரம் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்.

அதன்பின் பள்ளியில் கடைசிப் பாடவேளையில் கேள்வி கேட்காமல் கதை படிக்கத் தொடங்கினார். முதல் நாள் கதை முடிந்ததும் பிள்ளைகள் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்கள்.

"டீச்சர், கேள்வி?"

"கேள்வி இல்ல."

"அப்பம் எதுக்குப் படிச்சீங்க?"

இதை எங்களிடம் சொல்லும்போது அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லை. இத்தனை வருடம் தான் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்று யோசித்ததாகச் சொன்னார்.

முதுகலையின் இரண்டாம் ஆண்டில் ஒரு சிறு ஆய்வேடு எழுத வேண்டும். சாவு வருகிற கதைகளைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டலாமா என்பதை அக்கா எடுத்துக்கொண்டார். படிக்கலாம், பெரியவர்கள் நினைப்பதைவிடப் பிள்ளைகள் திடமானவர்கள் என்பது அவர் எண்ணம். வகுப்பில் படித்து, பிள்ளைகள் பேசுவதைக் கவனித்து எழுதினார். எல்லாம் அவர் நினைத்தபடியே போய்க்கொண்டிருந்தது.

அந்தக் கதைகளில் ஒன்று, தாய் எருமையை இழந்த கன்று பற்றியது. கன்று தொழுவத்தில் தேடும், குளத்தில் தேடும், கொக்கிடம் கேட்கும். கடைசியில் தாய் வழக்கமாகப் படுக்கும் இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் கதை. அந்த வகுப்பில் கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆண்டின் நடுவில் வந்து சேர்ந்த ஒரு பெண்பிள்ளை இருந்தாள். தாய் இறந்துவிட, பாளையங்கோட்டையில் இருந்த பெரியம்மா அவளை அழைத்து வந்து வளர்த்தார். அவளிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்; பெயரை மட்டும் எழுத மாட்டேன். இன்று நல்ல நிலையில் இதே ஊரில் இருக்கிறாள். கதை முடிந்ததும் அவள் எழுந்து போய்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டும் வரவில்லை. வீட்டிலும் பேசவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியம்மா பள்ளிக்கு வந்தார். "தாயில்லாத புள்ளைக்கு இந்தக் கதையத்தானா படிக்கணும், டீச்சர்? ஒங்களுக்கு வேற கதையே கெடைக்கலியா?" என்று மற்ற ஆசிரியைகள் முன்னிலையில் கேட்டார். தலைமையாசிரியை, கதை வாசிப்பு இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா இருவரிடமும் எதிர்த்துப் பேசவில்லை.

மறுநாள் மாலை அத்தானின் ஸ்கூட்டரில் பெரியம்மா வீட்டுக்குப் போனார். முதலில் அந்தப் பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றாள். அக்கா அவளைக் கூப்பிடவில்லை. பெரியம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது அவளாகவே வந்து நின்று சொன்னாள்: "அந்தக் கன்னுக்குட்டி தேடுச்சுல்லா டீச்சர். நான் தேடவே இல்ல."

தாய் இறந்த அன்று அவளைப் பக்கத்து வீட்டில் வைத்திருந்து, அடக்கம் ஆனதும் வண்டியில் ஏற்றிப் பாளையங்கோட்டைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகவே முதலில் சொல்லியிருக்கிறார்கள். பிறகு யாரோ உண்மையைச் சொன்னார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்து என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அந்தப் புள்ள ஒரு தப்பும் செய்யல. இப்பம் செஞ்சதா நெனைக்கி. நெனைக்க வச்சது நான்தான்" என்றார்.

அதன்பின் சில வாரங்கள் அக்கா அந்தப் பெரியம்மாவிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: பிள்ளையை ஒரு முறை கல்லிடைக்குறிச்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். "அங்கன போயி என்னத்தப் பாக்க? வீடு பூட்டிக் கெடக்கு. அப்பன் திருப்பூர்ல வேலைக்கு நிக்கான்" என்று அவர் மறுத்தார். பிறகு ஒரு விடுமுறை நாளில் சம்மதித்தார். என் காரில் போனோம். ஆகவே இனி எழுதுவது நான் கண்டது.

வீட்டைத் திறந்ததும் அந்தப் பிள்ளை யாருக்காகவும் காத்திராமல் உள்ளே போனாள். அறைகளைப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். அரிசி டிரம்மின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். பெரியம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பின்பு தெருவுக்கு வந்தாள். அவள் அம்மா அப்பளம் இடப் போய்க்கொண்டிருந்த வீட்டு வாசலில் பாய் விரித்து அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த பெண்ணிடம் போய், "எங்க அம்மயப் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் எங்களைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்து, "இல்ல மக்களே. ஒங்கம்ம செத்துப்போனா. இனி வர மாட்டா" என்றார். சொல்லிவிட்டு அவரே அழுதார்.

ஆற்றங்கரைக்கும் போக வேண்டும் என்றாள். படித்துறையில் சிறிது நேரம் நின்றாள். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. "போலாம்" என்றாள். திரும்பும் வழியில் அம்பாசமுத்திரத்தில் ஓட்டலில் இரண்டு தோசை கேட்டு வாங்கித் தின்றாள். காரில் பெரியம்மா மடியில் படுத்து அழுதாள்; வீடு வரும்வரை அழுதாள். அன்றோடு எல்லாம் சரியானது என்று எழுத முடியாது. ஆனால் மீண்டும் வகுப்பில் பேசினாள். முன்போலவே கணக்கில் தப்புப் போட்டாள்.

அக்கா இதை ஆய்வேட்டில் மூன்றாம் இயலாக எழுதினார். பெரியம்மாவிடம் கேட்டு, அவர் சொன்னபடி பெயரையும் ஊரையும் மாற்றினார். வழிகாட்டிய அந்த இளம் பேராசிரியை தயங்கினார். "எனக்குச் சரி டீச்சர். வெளியிலிருந்து வர்றவங்க ஏத்துக்குவாங்களான்னு தெரியல" என்றார்.

வாய்மொழித் தேர்வன்று அத்தானும் நானும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், மரியாதையாகவே பேசினார்.

"அம்மா, மத்த இயல் எல்லாம் இந்த மாதிரிக் கதைகள் வேணும்னு சொல்லுது. மூணாவது இயல் வேண்டாம்னு சொல்லுது. எது ஒங்க முடிவு?"

"வேண்டாம்னு சொல்லல ஐயா. இந்தப் புள்ளைக்கு, அன்னைக்கு, அது ஆகலைன்னு சொல்லுதேன். வகுப்பில படிக்கிறவ ஒவ்வொரு புள்ளையப் பத்தியும் தெரிஞ்சிருக்கணும். எனக்குத் தெரியல."

"அப்ப அந்த இயல எடுத்துருங்க. மிச்சம் நல்லா நிக்கும்."

"அத எடுத்தா மிச்சம் நிக்கக் கூடாது ஐயா."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்திக் கொடுக்க அவகாசம் தருவதாகச் சொன்னார். அக்கா திருத்தவில்லை. அந்தத் தாளில் தேர்ச்சி கிடைத்தது. முதல் வகுப்பு போயிற்று. அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் வருந்தினார். பட்டமளிப்பு விழாவுக்குப் போகவில்லை. சான்றிதழ் அஞ்சலில் வந்தது.

ஒரு வருடம் கழித்துத் தலைமையாசிரியையிடம் கேட்டு, கதை வாசிப்பை மறுபடியும் தொடங்கினார். இம்முறை ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் நடந்து போய் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார். ஓய்வு பெறும்வரை அப்படியே செய்தார். தெருவில் அவரைக் கண்டதும் பிள்ளைகள் ஓடி ஒளிவது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை; ஒரு நாள் கவனித்தபோது நின்றிருந்தது.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில் வயிற்றில் புற்றுநோய் என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தும் பலன் இல்லை. இனி வலிக்கு மட்டுமே மருந்து என்று மருத்துவர் சொன்னதை அக்கா படுக்கையில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டார். மருமகனின் மகளுக்கு அப்போது ஒன்றாம் வகுப்பு. அவளை அழைத்து வர வேண்டாம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தோம்.

"கூட்டிட்டு வா" என்றார் அக்கா.

"பயந்துருவாம்மா" என்றான் மருமகன்.

"பயப்படட்டும். கூட ஆளு இருக்கும்போது பயப்படட்டும்."

அவள் வந்தாள். முதலில் வாசலிலேயே நின்றாள். பிறகு பைய உள்ளே வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, எப்ப எந்திப்பீங்க?" என்று கேட்டாள்.

"இனி எந்திக்க மாட்டேன் மக்களே. ஆச்சி செத்துப்போவேன்."

"நாளைக்கா?"

"தெரியல. நாளைக்கா இருக்காதுன்னு நெனைக்கேன்."

அவள் யோசித்தாள். "அப்ப நாளைக்கு இங்க விளையாடலாமா?"

"விளையாடு. நான் பாக்கேன்."

விளையாடினாள். அந்த அறை முழுதும் அவளுடைய பொம்மைகள் கிடந்தன. நர்ஸ் அவற்றைத் தாண்டித்தான் ஊசி போட வர வேண்டியிருந்தது. அக்கா ஒரு காலையில், அத்தான் கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, உயிர் நீத்தார்.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும், வீட்டுக்கே வந்து பார்த்த செவிலியருக்கும், வாரந்தோறும் வந்து ஜெபித்த சபை மக்களுக்கும், பல மாதங்கள் அத்தானைப் பசியோடு விடாத அடுத்த வீட்டாருக்கும், தோள் கொடுத்துச் சுமந்த அக்காவின் பழைய மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவர் உண்டு. கல்லறைத் தோட்டத்தில் ஜெபம் முடிந்து மண் தள்ளும் நேரத்தில் பேத்தி முன்னால் போய், "மண்ணு போட்டா ஆச்சிக்குக் கனக்காதா?" என்று கேட்டாள். பெரியவர்கள் நாங்கள் அவளைப் பின்னுக்கு இழுத்தோம். குழி வெட்டிய அண்ணாச்சி, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார். "ஆச்சிக்கு இனி ஒண்ணும் தெரியாது பாப்பா. கனக்காது. நீயும் ஒரு கை போடுதியா?" என்றார். அவள் போட்டாள். அந்த நெரிசலில் அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோம். இந்த மலர் அவர் கைக்கு எட்டுமானால், எங்கள் முதல் நன்றி அவருக்கு.