நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், முப்பது நிமிடம்

ஓனோட்டோவா தீவின் விமான நிலையம் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு தராசு, ஒரு ரேடியோ, அப்புறம் தெபூரா. செவ்வாய்தோறும் ஓடுதளத்தில் படுத்திருக்கும் பன்றிகளை விரட்டுவது அவள்தான். பயணிகளை மூட்டையோடு தராசில் ஏற்றி, கூசாமல் எடையை உரக்கப் படிப்பதும் அவள்தான். "தளம் காலி, இறங்கலாம்" என்று அவள் சொல்லாமல் எந்த விமானியும் இறங்கமாட்டான். பத்தொன்பது வருடம் ஊரையே வழியனுப்பியவள், தனக்கென்று ஒருநாள்கூட விடுப்பு கேட்டதில்லை.

இப்போது கேட்டாள். நிக்குனாவ் தீவில் குடியேறிய தம்பி, தன் மகளுக்கு அக்காவின் பெயரையே வைத்திருந்தான். குழந்தைக்கு முதல் பிறந்தநாள். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு வராதவர்களை மன்னித்துவிடுவார்கள். முதல் பிறந்தநாளுக்கு வராதவர்களைச் செத்த பிறகும் சொல்லிக் காட்டுவார்கள். பதினான்கு நாள் வேண்டும் என்று எழுதிப் போட்டாள்.

தலைநகர் தராவாவிலிருந்து, விடுப்பு பார்க்கும் பைரே ரேடியோவில் வந்தான்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல பாத்துட்டேன். நூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர். முப்பது நிமிஷம். ஒரு நாள் தாராளம்."

"அந்த முப்பது நிமிஷ விமானம் எங்கப்பா பறக்குது? செவ்வாக்கிழமை இங்கேர்ந்து தராவா. வெள்ளிக்கிழமை அங்கேர்ந்து நிக்குனாவ். திரும்ப அடுத்த வெள்ளி, அப்புறம் செவ்வா. டிக்கெட் போடுறதே உன் ஆபீஸ்தான!"

"தெரியும்க்கா. ஆனா ஃபாரத்துல தூரம், நேரம்னு ரெண்டு கட்டம்தான் இருக்கு. வேணும்னா நேர் விமானம் இல்லன்னு உங்க தீவு விமான ஏஜெண்ட்கிட்ட ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்க."

"ஏஜெண்ட் நான்தான்டா!"

"அப்ப செல்லாதுக்கா. தனக்குத் தானே எழுதிக்க முடியாது."

முப்பது நிமிடத்தைக் கண்டுபிடித்த இயந்திரத்துக்கு ஒரு விமானத்தைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை. அதன் கணக்குப்படி எங்கள் கடலில் உறவு கொண்டாடும் உரிமை பறவைகளுக்கு மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை தெபூரா பன்றிகளை விரட்டினாள். விமானத்தை இறக்கினாள். கடைசியாகத் தானே தராசில் ஏறி, தன் எடையையும் கூசாமல் உரக்கப் படித்து, எழுதிக்கொண்டு, விமானத்தில் ஏறிவிட்டாள்.

அடுத்த செவ்வாய் வந்த விமானம், ஓடுதளத்தில் பன்றிகள் குடும்பத்தோடு படுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, மூன்று சுற்றுச் சுற்றித் தராவாவுக்கே திரும்பியது. விரட்டச் சொல்லி ஊரில் யாரையும் கேட்க வழியில்லை; ரேடியோ அறையின் சாவி தெபூராவின் இடுப்பில்.

பைரே தராவாவிலிருந்து நிக்குனாவ் விமான நிலைய ரேடியோவைப் பிடித்து அலறினான்.

"அக்கா! ஒரு நாள்தான லீவு? எங்க இருக்கீங்க?"

"ஓடுதளத்துலதான். பொட்டியோட நிக்கிறேன். முப்பது நிமிஷம்தானப்பா, அந்த விமானத்த அனுப்பு. சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடறேன்."

தெபூராவின் தோளில், விருந்தில் தின்ற பூசணிக்காய் வாயோரம் ஒட்டியிருக்க, சின்னத் தெபூரா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா," என்றான் பைரே கடைசியில். "பதினாலு நாளுன்னே எழுதிக்கிறேன்."

"எழுதிக்கோ. எதுக்கும் ஏஜெண்ட்கிட்ட ஒரு கடிதம் வாங்கி வச்சுக்கோ."