கேட் போட்டிருக்குதுங்க

என் போனில் ஒரு ரயில் சத்தம் இருக்கிறது. முதலில் ஹாரன், அப்புறம் பெட்டிகள் தடதடவென்று ஓடும் சத்தம், கடைசியில் லேசாக ஒரு குறட்டை. கூட்ஸ் வண்டி குறட்டை விடாது. அது மேடம் விட்டது. இடம் இல்லை, எதையாவது அழி என்று போன் தினமும் கெஞ்சுகிறது. அண்ணன் கல்யாணப் போட்டோக்களை அழித்தேன். இதை மட்டும் அழிக்கவில்லை.

மேடம் போத்தனூர்ப் பக்கம் முதியோர் இல்லம் நடத்தினார். நான் அங்கே வேன் ஓட்டுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட பெண் பிள்ளையான என்னை டிரைவிங் படிக்க அனுப்பி, முதல் நாளே தைரியமாகப் பின்சீட்டில் உட்கார்ந்தவர் அவர். எல்லாவற்றுக்கும் தைரியம் இருந்தது. 'முடியாது' என்று சொல்ல மட்டும் வராது. பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிறோம் என்று யார் கேட்டாலும் 'வாங்க வாங்க' என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து ஒரு குடும்பமும் உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு குடும்பமும் ஒரே மதியத்துக்குப் பாயச அண்டாவோடு வந்து இறங்கின. யாரையும் திருப்பி அனுப்ப மனசில்லாமல் இரண்டு பந்தி போட்டார். பெரியவர்கள் இரண்டு தரமும் உட்கார்ந்து, இரண்டு தரமும் கைதட்டி வாழ்த்துப் பாடினார்கள். மறுநாள் முழுக்கக் கக்கூஸ் வாசலில் வரிசை. வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா, "ஏனுங்க மேடம், அடுத்த வாரம் வெறும் ரசஞ்சோறு போடறவிங்க யாராச்சும் பொறந்திருந்தா வரச் சொல்லுங்க" என்றார்.

அதோடு போகுமா? டிரஸ்ட் சேர்மன் ஐயா பம்பு கம்பெனி முதலாளி. நல்ல மனுசன்தான், ஆனால் காலையில் கேட்ட ரிப்போர்ட் அவருக்குக் காலையிலேயே வேண்டும். இல்லத்தில் இருக்கும் ஒரு பெரியம்மாவின் அமெரிக்கா மகனுக்கு அம்மா சிரிக்கிற வீடியோ வேண்டும். அந்த அம்மாவோ மகன் பேரைச் சொன்னாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். சமையல்காரம்மா மாதம் தவறாமல் வேலையை விட்டு நிற்பார். எல்லாச் சண்டையும் மேடத்தின் போனுக்குத்தான் வரும். டாக்டர் ஒருநாள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிரஷர் இப்படியே போச்சுன்னா நெஞ்சு தாங்காதுங்க. பகல்ல கொஞ்ச நேரம் போனை அணைச்சுப்போட்டுப் படுங்க." மேடம் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே போன் அடித்தது. எடுத்துவிட்டார்.

அவர் பகலில் தூங்கிய ஒரே இடம் ரயில்வே கேட். இல்லத்திலிருந்து டவுனுக்குப் போக அதைத் தாண்ட வேண்டும். சிவப்பு வெள்ளைக் கம்பி இறங்கினால் மற்ற வண்டிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். மேடத்தின் முகத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி ஒரு வெளிச்சம் வரும். கூப்பிட்டவர்களிடம், "கேட் போட்டுட்டாங்கங்க" என்பார். அதற்கு மேல் யாரும் பேச முடியாது. கலெக்டரே கூப்பிட்டாலும் கேட் போட்டது போட்டதுதான். போனை அணைத்து, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தால், அடுத்த மூச்சு குறட்டை. கேட் திறந்த பிறகும் நான் வண்டியை எடுக்கமாட்டேன். பின்னால் நிற்கும் லாரிக்காரர்கள் என்னையும், என்னைப் பெற்றவர்களையும், எனக்கு லைசென்ஸ் கொடுத்தவரையும் திட்டுவார்கள். எனக்கு அது பெருமையாக இருக்கும்.

அப்புறம் பாலம் வந்தது. திறந்த அன்று ஊரே பட்டாசு வெடித்தது. சேர்மன் ஐயா மாலையோடு மேடையில் நின்றார். மேடம் மட்டும் சுவர் வைத்து அடைத்துவிட்ட பழைய கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி என்னத்தைச் சொல்லிப்போட்டுத் தூங்கறது கண்ணு?"

"பஞ்சர்னு சொல்லலாமுங்க மேடம்."

"எனக்குப் பொய் வராது."

"எனக்கு வருமுங்க."

மறுநாளிலிருந்து பாலத்தில் ஏறாமல், அடியில் அந்தச் சுவர் ஓரம் வண்டியை நிறுத்தினேன். மேடம் தூங்கியபோது ஒரு கூட்ஸ் போனது. அதைப் போனில் பிடித்துவைத்தேன். அவருடைய போன் அடித்தால் நானே எடுத்து, "மேடம் கேட்ல நிக்கறாங்க" என்று சொல்லி, என் போனில் ரயிலை ஓடவிடுவேன். எல்லோரும் நம்பினார்கள். ஒருநாள் சேர்மன் ஐயா கூப்பிட்டார்.

"எந்தக் கேட் அம்மணி? பாலத்துக்கு ரிப்பன் வெட்டக் கத்திரிக்கோல் எடுத்துக் குடுத்தவனே நாந்தான். அங்கயே இரு, வாரேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் வந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். மேடம் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கால் செருப்பு கழன்று கிடந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அவருடைய போனே அடித்தது. பதறி எடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கேட் போட்டிருக்குதுங்க, அப்பறம் பேசறேன்" என்றார். என்னைப் பார்த்தார். "எழுப்பாத அம்மணி. கேட் தொறக்கட்டும்." அதற்குப் பிறகு அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை. சில நாள் அவருடைய காரும் எங்கள் பின்னால் வந்து நிற்கும். அதற்குள்ளிருந்தும் குறட்டை கேட்கும். பம்பு மாதிரியே இருக்கும்.

ஆனால் அந்தத் தூக்கம் போதவில்லை. போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, இட்லி பரிமாறிக்கொண்டே மேடம் சுவரைப் பிடித்து உட்கார்ந்தார். எவ்வளவு வேகமாக ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. பாலத்தில்தான் போனேன். ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோகும்போது தன் போனை என் கையில் வைத்து, "யாராச்சும் கூப்பிட்டா..." என்றார். முடிக்கவில்லை. முடிக்க வேண்டுமா என்ன? பிறந்தநாள்காரர்கள், அமெரிக்கா மகன், கோபித்துப் போன சமையல்காரம்மா, எல்லோரிடமும் கேட் போட்டிருக்குதுங்க என்றேன். டாக்டர் வெளியே வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போன பிறகும் போன் அடித்தது. சேர்மன் ஐயா, வெளியூரிலிருந்து.

"மேடத்துகிட்டக் குடு அம்மணி."

"கேட் போட்டிருக்குதுங்கய்யா."

என் குரலில் அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

"தொறக்குமா அம்மணி?"

என் போனை எடுத்து அந்த ரயிலை ஓடவிட்டேன். ஹாரன் வந்தது, பெட்டிகள் போயின, குறட்டை வந்தது. அதுவும் நின்ற பிறகுகூட அவர் போனை வைக்கவில்லை.

இப்போது புது மேடம் வந்திருக்கிறார். சின்ன வயசு. இரண்டு காதிலும் இரண்டு போன். நேற்றுச் சுவர் ஓரம் வண்டியை நிறுத்தினேன். "இங்க எதுக்கு நிறுத்தறீங்க? எனக்குப் பகல்ல தூக்கமே வராதுங்க" என்றார். நான் ரயிலை ஓடவிட்டு, "கேட் போட்டிருக்காங்க மேடம், போனை அணைச்சுப்போடுங்க" என்றேன். பெட்டிகள் போய் முடிந்ததும் நிறுத்திவிட்டேன். அந்தக் கடைசிச் சத்தம் எனக்கு மட்டும். அதற்குள் பின்சீட்டில் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தது.