முப்பது ஆட்டம்

2003-ஆம் வருடம் ஜூன் மாதம் 14-ஆம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். இரவு முழுவதும் பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தத் தண்ணீரில் நடந்து ஏழு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு பேர் பயிற்சி பெற வந்தவர்கள். ஏழாவது, அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்த அம்மாள். ஒன்பது மணி என்றுதான் பேச்சு. வாசலில் இரண்டு கால்மிதி போட்டிருந்தேன். பதினான்கு ஈரக் கால்களும் அவற்றைத் தாண்டி நேராகக் கூடத்துக்குள் வந்தன.

அந்த ஆறு பேரும் நகரத்தில் குழந்தைகளுக்கான ஒரு சின்ன சிகிச்சை மையத்தில் வேலை பார்த்தவர்கள். மையத்தின் கூரை தகரம். அதில் ஊஞ்சல் மாட்ட முடியாது. எங்கள் கூடத்தில் தேக்கு உத்தரமும் அதில் ஊஞ்சலுக்கான இரண்டு இரும்பு வளையங்களும் இருந்தன. என் பெண் யாரையும் கேட்காமல், என்னையும் கேட்காமல், இடம் தருவதாகச் சொல்லிவிட்டாள்.

மதுரை அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "ஐயா, ரெண்டு வளையம் இருக்கு. எனக்கு ஒண்ணுதான் வேணும்."

இரண்டு வளையத்தில் மாட்டினால் முன்னும் பின்னும் மட்டும் போகும், ஒற்றைக் கொக்கியில் தொங்கினால் எல்லாப் பக்கமும் திரும்பும், குழந்தையின் உடம்பு தானாகவே நிதானத்தைத் தேடிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். நான் மழையில் சாலை பஜாருக்குப் போய், சுழலும் கொக்கி ஒன்றை வெல்டிங் கடையில் செய்துகொண்டு வந்தேன். இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆயிற்று. அதுவரை அவர்கள் பன்னிரண்டு டம்ளர் காப்பி குடித்திருந்தார்கள்.

இத்தனையும் என் பேத்திக்காக. அவளுக்கு அப்போது ஆறு வயது. மாப்பிள்ளை மஸ்கட்டில் இருந்ததால் அம்மாவும் பெண்ணும் என்னோடு இருந்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்றாம் வகுப்புக்கு நான்கு நாள் போனாள். மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். பக்கத்துக் குழந்தையின் கை பட்டால் கடிப்பாள். ஐந்தாம் நாள் தலைமையாசிரியை கூப்பிட்டு, சரியான பிறகு கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார். நமக்கு மணியோசையாகக் கேட்பது இவளுக்கு அடி விழுவதைப்போல இருக்கிறது என்று மதுரை அம்மாள் விளக்கினார். தொடுவது, கேட்பது, ஆடுவது எல்லாவற்றையும் உடம்பு தரம் பிரித்து வாங்கிக்கொள்ள வேண்டும், அதை விளையாட்டின் வழியாகத்தான் பழக்க முடியும் என்றார். எங்கள் ஊரில் அதைக் கைப்பழக்கமாகக் கற்றவர் ஒருவரும் இல்லை. இந்த ஆறு பேரும் புத்தகத்தில் படித்ததோடு சரி.

என் பெண் முடிவு செய்திருந்தாள். ஆறு சனிக்கிழமை பயிற்சி. முடிவில் ஆறு பேரில் ஒருவராவது இவளைத் தனியாகக் கையாளத் தேறியதாக அம்மாள் சொன்னால் இங்கேயே இருப்பது. இல்லாவிட்டால் குழந்தையோடு மதுரைக்குக் குடிபோவது. அப்புறம் ஐந்து அறையும் இரண்டு முற்றமும் உள்ள இந்த வீட்டில் நான் ஒருவன். இதைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

முதல் நாளே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஊஞ்சலைச் சுற்றி ஆறு பேரும் நின்றுகொண்டு, "மோளே, இங்கோட்டு வா", "மோளூ, இது நோக்கு" என்று மலையாளத்தில் ஆறு தொண்டையில் கூப்பிட்டார்கள். அவள் கட்டிலுக்கு அடியில் போனாள்.

"முதல்ல எல்லாரும் வாயை மூடுங்க," என்றார் அம்மாள். "விளையாட்டை அவ ஆரம்பிக்கணும். நீங்க பின்னாடியே போகணும். முன்னாடி ஓடாதீங்க."

ஆறு பேரும் இதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எழுதி முடித்துவிட்டு, அவள் வெளியே வந்து ஊஞ்சல் பலகையைத் தொட்டதும் தூக்கி உட்கார வைத்துப் பின்னாலிருந்து தள்ளினார்கள். ஊஞ்சல் என்றால் ஒருவர் உட்காருவது, ஒருவர் தள்ளுவது என்றே இங்கே எல்லாரும் வளர்ந்திருக்கிறார்கள். அம்மாள் அன்று "தள்ளாதீங்க" என்று பத்தொன்பது தடவை சொன்னார்.

எப்படித் தெரியும் என்றால், நானும் எழுதிக்கொண்டிருந்தேன். முப்பத்துநான்கு வருஷம் தணிக்கை அலுவலகத்தில் இருந்தவன் சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? சுவரோரம் பிரம்பு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கோடு போட்ட நோட்டில் குறித்தேன். காதைப் பொத்தியது நாற்பத்தொரு தடவை. கட்டிலுக்கு அடியில் போனது ஒன்பது. ஊஞ்சல் ஆட்டத்தையும் எண்ணினேன். எழுதும்போது தவறிவிடக்கூடாது என்று வாய்விட்டு எண்ணினேன். இரண்டாவது சனிக்கிழமை, முப்பதாவது ஆட்டத்தில், அவள் சிரித்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிய பிறகு அதுதான் முதல் சிரிப்பு. முப்பது என்ற எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஹர்த்தால். பஸ் ஓடவில்லை. மதுரை அம்மாள் முந்தின நாளே வந்து தங்கியிருந்தார். ஐந்து பேர் நடந்தும் ஸ்கூட்டரிலும் வந்து சேர்ந்தார்கள். விழிஞ்ஞத்திலிருந்து வரும் பெண் மட்டும் வரவில்லை. வந்தாலும் வாயைத் திறக்காத பெண் அவள். அம்மாள் வாராவாரம் வைத்த எழுத்துப் பரீட்சையில் இரண்டு தடவையும் ஆறாவதாக வந்தவள். அவள் வராததில் எனக்கு வருத்தமில்லை. மதிய இடைவேளையில் நாகர்கோவில்காரப் பையன், ஆறு பேரில் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன், என்னிடம் வந்தான்.

"சார், அந்த நோட்டைக் கொஞ்சம் தாங்க. ஒரு மணிக்கூர்ல திருப்பித் தாறேன்."

என் நோட்டை மனிதர்கள் கேட்டு வாங்கிப் பல காலம் ஆகியிருந்தது. கொடுத்தேன். அவன் அதை ஆங்கிலத்தில் ஒரே தாளாகச் சுருக்கி எழுதினான். திங்கட்கிழமை ஐந்து நகல் எடுத்து, ஹர்த்தால் அன்று வந்திருந்த ஐந்து பேருக்கும் கொடுத்திருக்கிறான். முதல் வரி: ஊஞ்சல், முப்பது ஆட்டம்.

நான்காவது சனிக்கிழமை மதுரை ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். ஐந்து பேரும் அம்மாளுக்காகக் காத்திருக்கவில்லை. கையில்தான் தாள் இருந்ததே. ஆளுக்கு முப்பது என்று தொடங்கினார்கள். நான் நாற்காலியிலிருந்து எண்ணிக் கொடுத்தேன். மூன்றாவது ஆளாக நாகர்கோவில்காரன் தள்ளிக்கொண்டிருந்தபோது, எண்பத்துநான்காவது ஆட்டத்தில், குழந்தை பலகையிலேயே வாந்தி எடுத்தாள். அவன் பிடிக்கப் போனான். மணிக்கட்டில் பல் பதியக் கடித்துவிட்டு ஓடினாள்.

அம்மாள் வந்து சேர்ந்தபோது என் பெண் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார்.

"இந்தச் சீட்டை யாரு எழுதினது?"

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா, இது மருந்தா, வேளைக்கு முப்பது சொட்டு விட? அன்னைக்கு முப்பதுல சிரிச்சா, சரி. இன்னைக்கு அஞ்சுலயே போதும்னு காலைத் தரையில தேச்சிருப்பாளே. யாராவது அவ காலைப் பாத்தீங்களா?"

என் நோட்டில் காலுக்குக் கட்டம் இல்லை.

விழிஞ்ஞத்துப் பெண் கதவோரமாக நின்றிருந்தாள். "கால் தேய்ச்சு, மாடம்," என்றாள். "ரெண்டாமத்த ஆள் தள்ளும்போதே தேய்ச்சு."

"பாத்துட்டு ஏன் சொல்லலே?"

"ஸ்வாமி எண்ணிக்கொண்டு இருந்து. நான் பேடிச்சுப் போயி." பயந்துபோனாளாம். என்னைப் பார்த்து.

அன்று ராத்திரி என் பெண் பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினாள்.

"ஆர் மேலயும் தப்பு சொல்லலைப்பா. நீங்க எண்றதை நிறுத்தப் போறதில்லே. கொழந்தை இங்க இருந்து என்ன பிரயோஜனம்?"

"நான் எண்ணலேன்னா அவ முப்பதுல சிரிச்சது உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"எனக்குத் தெரியும். நான் அவ மூஞ்சியைத்தான் பாத்துண்டிருந்தேன்."

ஐந்தாவது சனிக்கிழமை என்னைக் கொல்லைப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். ஆறாவது சனிக்கிழமை, ஜூலை 19, கடைசி நாள். ஒவ்வொருவரும் குழந்தையோடு தனியாக அரை மணி. அம்மாள் மூலையில் உட்கார்ந்து பார்த்து முடிவு சொல்வார். ஐந்து பேர் முடித்துவிட்டார்கள். குழந்தை ஊஞ்சல் பக்கமே வரவில்லை என்று சத்தத்திலேயே தெரிந்தது. கடைசியாக விழிஞ்ஞத்துப் பெண். ஒரு சத்தமும் இல்லை. நான்கு நிமிடம் பொறுத்தேன். பிறகு முற்றத்தைச் சுற்றிப் போய்க் கூடத்து ஜன்னலில் நின்றேன்.

அந்தப் பெண் குழந்தையைக் கூப்பிடவில்லை, பார்க்கக்கூட இல்லை. தானே ஊஞ்சலில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையால் தரையைத் துழாவி, சிதறிக் கிடந்த புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாக ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். வேண்டுமென்றே குறி தவறினாள். குழந்தை கட்டிலடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தாள். வெளியே வந்தாள். அந்தப் பெண்ணின் புடவையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டுத் தானே ஏறிக் குப்புறப் படுத்தாள். தரையைக் கையால் உந்தி உந்தி ஊஞ்சலைத் தானே திருப்பினாள். டப்பாவில் கொட்டை விழுந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று. சத்தம் வரவில்லை, சத்தியமாக. உதடு மட்டும்தான் அசைந்தது.

ஏழாவதில் அவள் ஜன்னலைப் பார்த்தாள். என் உதட்டைப் பார்த்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மதுரை அம்மாள் எழுந்து வந்து ஜன்னலுக்கு உள்ளே நின்றார். எல்லாம் முடிந்தது, பெட்டிகள் போகப் போகின்றன என்று நினைத்தேன்.

"இந்தப் பொண்ணு போதும்யா," என்றார் அம்மாள். "இவ தேறிட்டா. வாரத்துக்கு மூணு நாள் வந்து இங்கேயே செய்யட்டும். மாசத்துக்கு ஒரு தடவை நான் வந்து பாத்துக்கறேன். ஆனா அந்த நேரத்துல நீங்க வீட்ல இருக்கக்கூடாது. கொல்லையிலயும் கூடாது."

"என் வீடு."

"ஆமாய்யா. உங்க பேத்தி."

விழிஞ்ஞத்துப் பெண் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "ஸ்வாமி கோபிக்கல்லே," என்றாள். "எனக்கு அந்தக் கடலாஸ் கிட்டினா நானும் முப்பது தள்ளிக் காணும்." நான் கோபித்துக்கொள்ள வேண்டாமாம்; அந்தத் தாள் கிடைத்திருந்தால் அவளும் முப்பது தள்ளியிருப்பாளாம். அது எனக்கு ஆறுதலாகச் சொன்னதா, வேறு எதற்காகவாவது சொன்னதா என்று இன்றுவரை தெரியவில்லை.

பெட்டிகள் பரணுக்குப் போயின. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் மாலை நான்கு மணிக்கு என்னை வெளியே அனுப்பினார்கள். பழவங்காடி வரை நடந்து, பிள்ளையாருக்கு எதிர்ச் சந்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டு ஐந்தேகாலுக்குத் திரும்புவேன். மழையானாலும் அப்படித்தான். அடுத்த ஜூனில் அவள் மறுபடி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். மணி அடித்தால் இப்போது ஒரு காதைத்தான் பொத்துகிறாளாம். என் பெண் சொல்லித்தான் தெரியும். அவள் ஆடியதில் ஒன்றைக்கூட நான் அப்புறம் பார்க்கவில்லை.

நூற்றுப்பன்னிரண்டு நாள், காப்பிக்கும் வடைக்கும் நாளொன்றுக்கு ஏழு ரூபாய் வீதம் எழுநூற்று எண்பத்துநான்கு. சுழலும் கொக்கி முந்நூற்று நாற்பது. காப்பிக் கடையில் மறந்து தொலைத்த குடை நூற்று நாற்பத்தைந்து. ஆக மொத்தம், ரூபாய் ஆயிரத்து இருநூற்று அறுபத்தொன்பது.