தனராஜ் கொண்டுவந்த சட்டம்

ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கால்பந்துக் குழு நடத்திவந்த தனராஜ், ஐரோப்பாவில் பணக்காரர்கள் கிளப்புகளை வாங்கி ஆட்டக்காரர்களை அள்ளிக்கொள்வதை டிவியில் பார்த்துப் பார்த்துக் கொதிப்பவர். பக்கத்து ஊரான கோலா தெர்லாவின் குழுவை ஒரு தவுக்கே, காய்கறி வியாபாரத்தில் பெரிய முதலாளி, வாங்கி, தனராஜின் கோல்கீப்பரையும் இழுத்துக்கொண்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

தானா ராத்தாவில் நடந்த லீக் கூட்டத்தில் எழுந்தார். "ஐரோப்பாவுல மாதிரி இங்கயும் சட்டம் வேணும். டீம் சம்பாதிக்கிறதுக்கு மேல யாரும் செலவு பண்ணக் கூடாது."

எல்லோரும் கை தூக்கினார்கள். தவுக்கேயும் சிரித்துக்கொண்டே தூக்கினார்.

மறுவாரமே தவுக்கேயின் லோரி கம்பெனி, அவர் குழுவின் சட்டையில் விளம்பரம் போடப் பணம் கொடுத்தது. அது வருமானம்தான் என்று லீக் ஒப்புக்கொண்டது. தனராஜின் குழுவுக்கு வருமானமே கிடையாது. அவர் தன் சம்பளத்தில் வாங்கிய புதுப் பந்தை லீக் செயலாளர் தாரணி டீச்சர் திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு பந்துதான்லா, டீச்சர்."

"சொந்தக் காசைக் கொட்டுற முதலாளி இருக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க, அண்ணே? இப்ப அந்த முதலாளி நீங்கதான்."

தனராஜுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்குப் போய், "நான் பெரிய பணக்காரனாம், தடை போட்டுட்டாங்க" என்று மனைவி ரூபினியிடம் சொல்லிவிட்டு, பழைய பந்துக்கு ஒட்டுப் போட உட்கார்ந்தார்.