தயிர் போன வழி

தயிரைத் தின்பவர்கள் ஒரு வகை, தின்ற தயிர் எங்கே போனது என்று தேடுபவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகையில் சேர்ந்து பல வருஷம் சம்பளம் வாங்கினேன். ஊர் கேட்டால் முகம் சுளிக்கும் வேலை பார்ப்பவரா நீங்கள்? அப்படியானால் நம்மவர்தான், பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

அறுபதுகளின் கடைசியில் வடசென்னையில் ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் இருந்தேன். குழந்தைகள் பிரிவு டாக்டர் சுகுணாவுக்கு ஒரே கேள்விதான். தயிரிலுள்ள பாக்டீரியா வயிற்று அமிலத்தைத் தாண்டி உயிரோடு குடலுக்குப் போகுமா? போனால் அங்கே நோய்க்கிருமிகளை அடக்குமா?

பஸ்ஸில் ஒரு டப்பா

நாங்கள் கொடுத்த தயிரைத் தினமும் சாப்பிட ஒப்புக்கொண்ட தொழிலாளி ஒருவர் திருவொற்றியூரில் இருந்தார். மறுநாள் காலைக்கடன் முடித்து அவர் தருவதை டப்பாவில் வாங்கி, துணிப்பையில் வைத்து, பஸ் ஏறுவேன். கடலோரச் சாலை, ஜன்னலோரம், உப்புக்காற்று. கண் சொருகிவிடும். புளித்த கடல் ஒன்றில் எங்கள் பாக்டீரியாக்கள் கட்டுமரம் ஏறி அலை தாண்டிப் போவதாகக் கனவு வரும். பாதிக் கட்டுமரங்கள் கவிழும். மீதி எங்கே கரை சேர்ந்தன என்று பார்ப்பதற்குள் யாராவது எழுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் எழுப்பியவர் கண்டக்டர். மூக்கைப் பொத்திக்கொண்டு, "டப்பால இன்னா சார்?" என்றார். தூக்கக் கலக்கத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன். முன் சீட்டும் பின் சீட்டும் ஒரே நொடியில் காலியாயின. அவர் மட்டும் நகராமல் பையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு லக்கேஜ் போடணுமா, வேணாமா? ஒண்ணியும் புரியலியே சார்!"

தபசு காலம்

ஈஸ்டருக்கு முந்தைய தபசு நோன்பு நாட்களில், சோதனைக்கு வீட்டுத் தயிர் கொஞ்சம் கேட்டு ராயபுரத்தில் பிலோமினா அக்கா வீட்டுக்குப் போனேன். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சட்டியைக் கொண்டுவந்த அக்கா, இதில் அப்படி என்ன பார்ப்பீர்கள் என்று கேட்டார். இந்தச் சட்டிக்குள் கோடிக்கணக்கில் உயிர்கள் இருக்கின்றன, இப்போதுகூடப் பெருகிக்கொண்டிருக்கின்றன என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அக்கா சட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

"தபசு காலத்துல கறி துண்ணக் கூடாதுன்றாரு சாமியாரு. உசுரோட கீற தயிர மட்டும் துண்ணலாமா? நீயே சொல்லு."

மின்சாரம் போன மத்தியானம்

பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடிக் குழாய்களை உடம்புச் சூட்டில் வைக்க ஒரு மின்சாரப் பெட்டி உண்டு. ஒரு மார்கழி மத்தியானம் மழை கொட்டியதில் மின்சாரம் போனது. பல மாத உழைப்பு குளிர்ந்துவிடுமே என்று பதறி ஓடினேன். என் கூட வேலை பார்த்த காதர் பாய் பெஞ்சில் மல்லாந்து படுத்திருந்தார். குழாய்கள் அத்தனையும் அவர் பனியனுக்குள். மேலே கம்பளி. ஜன்னலில் மழை தாரை தாரையாக இறங்கியது. "என்ன பாய் இது?" என்று கத்தினேன். கண்ணைத் திறக்காமலே உதட்டில் விரல் வைத்தார்.

"கத்தாத சார். பசங்க தூங்கினு கீறாங்கோ."

கன்னியம்மா மகன்

நெட்டுக்குப்பம் கன்னியம்மா தன் ஒரு வயது மகன் மணியைத் தூக்கிவந்தபோது அவன் அழக்கூடத் தெம்பில்லாமல் இருந்தான். பேதி நிற்கவே இல்லை. வேறெங்கோ கொடுத்த கடும் மருந்துகளில் குடலின் நல்ல கிருமிகளும் சேர்ந்து செத்திருக்கும் என்றார் டாக்டர். சலைன் ஏற்றினார். எங்கள் கூடத்தில் புளிக்கவைத்த பாலைத் தாயே கரண்டியால் ஊட்டினாள். கடலுக்குப் போன புருஷன் இன்னும் திரும்பவில்லை. அவள் பிள்ளையின் வயிற்றில் கை வைத்தபடியே இருந்தாள்.

தினமும் காலையில் மணியின் மலத்தை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பேன். வெறிச்சோடிக் கிடக்கும். ஒரு காலை, சாயம் ஏறிய ஊதாக் குச்சிகளாக எங்கள் பாக்டீரியாக்கள் வரிசையாய்த் தெரிந்தன, விடியலில் கழிமுகத்தில் நிற்கும் படகுகள் மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குள் வார்டில் மணி வீறிட்டு அழத் தொடங்கியிருந்தான். அத்தனை நாளில் முதல் அழுகை.

"தயிர்தான் காப்பாற்றியது, எழுதிவிடலாம் டாக்டர்" என்றேன். "சலைனும் கொடுத்தோமே. ஆசைப்படலாம், எழுத முடியாது" என்றார் அவர். அவனை வீட்டுக்கு அனுப்பும் நாளிலும் கட்டிலருகே நின்று இதையே வாதாடிக்கொண்டிருந்தோம். கன்னியம்மா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"எத்தினால பொயச்சான்னு நீங்க ரெண்டு பேரும் பேசிகினு இருங்க. புள்ளைக்குப் பசிக்குது, நா வூட்டுக்குப் போறேன்."

ஊரார் குடலுக்குள் தயிர் என்ன செய்கிறது என்று இத்தனை வருஷம் துரத்திப் பார்த்த எனக்கு, மோர் ஒரு வாய் குடித்தாலே சளி பிடித்துவிடும்.